கிராம் கணக்கா, கிளீட் கணக்கா? சைக்கிள் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஷூவைப் பூட்டி மிதிக்கும் கிளிப்லெஸ் பெடல்களைப் பற்றியவை. ஷூவின் அடியில் போல்ட்டு போட்டு மாட்டும் சிறு துண்டுதான் கிளீட், அதுதான் பெடலில் பூட்டிக்கொள்ளும். கரட்டிலும் கண்மாய்க் கரையிலும் மௌன்டன் பைக் ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்குள் ட்ரெயினரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் கருவி) மிதிக்கிறவர்கள் மறுபக்கம். ஒரே மாதிரியாக இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

திருப்பாலையிலிருந்து ஒரு வாசகர்: ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோவில் பக்கம் மண் பாதைகளில் ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மௌன்டன் பைக்) ஓட்டுகிறேன். வார நாட்களில் அதே சைக்கிளை ஸ்மார்ட் ட்ரெயினரில் மாட்டி இரவு ஒரு மணி நேரம் மிதிப்பேன். இருப்பதிலேயே எடை குறைந்த கிளிப்லெஸ் பெடல் வாங்க ஆசை. டைட்டானியம் அச்சு உள்ளதாக வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம்.

ஒரு ஜோடி பெடலுக்கு நிறுவனங்கள் சொல்லும் எடை இது: ஷிமானோ எம்520 சுமார் 380 கிராம். எக்ஸ்டி எம்8100 சுமார் 342. எக்ஸ்டிஆர் எம்9100 சுமார் 310. கிராங்க்பிரதர்ஸ் எக்பீட்டர் 3 சுமார் 280. உங்கள் நண்பர் சொல்லும் டைட்டானியம் ரகமான எக்பீட்டர் 11 சுமார் 179. மேலிருந்து கீழ் வரை வந்தாலும் வித்தியாசம் 200 கிராம்.

இனி மலைக்கு வருவோம். உங்கள் எடை 75 கிலோ, சைக்கிள் 13 கிலோ, மொத்தம் 88 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு 4 மணி நேரத்தில் ஏறுகிறீர்கள். ஏற்றத்தில் உங்கள் சக்தி பெரும்பாலும் எடையைத் தூக்கவே செலவாகிறது. 200 கிராம் என்பது 88 கிலோவில் 0.23 சதவீதம். 4 மணி நேரத்தில் அது மிச்சம் பிடித்துத் தருவது 33 விநாடி. பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போனால் அதுவே இரண்டே முக்கால் நிமிடத்தைத் தின்றுவிடும். அழகர்கோவில் பக்கத்து மேட்டுக்கெல்லாம் இந்த 33 விநாடி ஒரு விநாடிகூடத் தேறாது. ட்ரெயினரில் கேட்கவே வேண்டாம், சைக்கிள் நகர்வதே இல்லை. அங்கே எடை குறைந்த பெடலால் பைசா பிரயோஜனம் கிடையாது.

டைட்டானியம் அச்சில் வேறு சங்கதிகளும் உண்டு. பல மாடல்களில் ஓட்டுகிறவர் எடைக்கு வரம்பு வைத்திருப்பார்கள், பெட்டியில் போட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அடுத்தது, எடையைக் குறைக்க உடம்பைச் செதுக்கிய பெடலில் ஷூவுக்குத் தாங்கல் குறைவு. சோல் மெத்தென்று இருந்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளங்காலில் ஒரு புள்ளி மட்டும் எரிய ஆரம்பிக்கும்.

எங்கள் யோசனை: பெடலுக்கு எம்520 போதும், மனசு கேட்காவிட்டால் எக்ஸ்டி எம்8100. மிச்சப் பணத்தை ஷூவில் போடுங்கள். வளைக்கப் பார்த்தால் முன்பாதி வளையாத சோல், முன்பாதப் பக்கம் அகலமான வடிவம், அடியில் இரண்டு போல்ட்டு கிளீட்டுக்கான நீளத் துளைகள் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஷூ ஒரு ஜோடி 700 முதல் 900 கிராம் வரை வரும். கிராமைக் குறைத்தே தீருவேன் என்றால் அங்கே குறைக்க இடம் நிறைய இருக்கிறது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மதுரை வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு கால் அந்த அளவில்தான் இருக்கும்.

இன்னொன்று: மண் பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். அழகர் மலை காப்புக்காடு. எல்லைக்குள் சைக்கிளை விடுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலூரிலிருந்து ஒரு மாணவர்: கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது. ஆனால் அதில்தான் காலை 'கிளிப்' பண்ணுகிறார்கள். குழப்பமாக இருக்கிறதே?

பதில்: பழைய ரேஸ் பெடல்களில் விரல் பக்கம் கம்பிக் கூடு ஒன்று இருக்கும், அதன் மேல் தோல் வார். அந்தக் கூட்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். 1984-இல் லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பூட்டின் தத்துவத்தைப் பெடலுக்குக் கொண்டுவந்து அந்தக் கூட்டை ஒழித்தது. மறு ஆண்டே பெர்னார் ஹினோ அதை மாட்டி டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். கூடு இல்லாத பெடல் என்பதால் கிளிப்லெஸ், அவ்வளவுதான். மௌன்டன் பைக்குக்கு ஏற்ற சிறிய இரும்புக் கிளீட்டோடு ஷிமானோவின் எஸ்பிடி பெடல் 1990-இல் வந்தது. நடக்கும்போது தரையில் இடிக்காதபடி கிளீட் சோலுக்குள்ளேயே பதுங்கியிருப்பது அதன் விசேஷம்.

கள்ளிக்குடியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பக்கம் முழுக்கக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை இறங்கி நடந்துவிட்டால் அப்புறம் கால் பெடலில் பூட்டவே மாட்டேன் என்கிறது. எஸ்பிடி வைத்திருக்கிறேன். எக்பீட்டருக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: பாதி சரியாகும். முழுதும் சரியாக வேண்டுமென்றால் கரிசலே மாற வேண்டும்!

எஸ்பிடியில் பூட்டுகிற விதத்தைப் பாருங்கள். கிளீட்டின் மூக்கு முன்கொக்கிக்குள் நுழைய வேண்டும், பிறகு பின்பாதி ஸ்பிரிங் தகட்டைத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். இரண்டு இடத்திலும் இடைவெளி சில மி.மீ தான். கிளீட்டுக்கும் சோல் கட்டைகளுக்கும் நடுவே களிமண் அடைத்துக்கொண்டால் கிளீட்டின் முகம் மறைந்துவிடுகிறது. மிதிக்க மிதிக்க மண் இறுகுமே ஒழிய விலகாது. செம்மண்ணும் வைகை மணலும் தட்டினால் உதிர்ந்துவிடும். கரிசல் அப்படியில்லை, பசை மாதிரி ஒட்டும், காய்ந்தால் ஓடு.

எக்பீட்டரில் நான்கு பக்கமும் திறந்த கம்பி வளையங்கள், நடுவே தகடு என்று ஒன்று கிடையாது. கிளீட் இறங்கும்போது மண் அந்தப் பக்கம் பிதுங்கி வெளியேற வழி இருக்கிறது. டைம் நிறுவனத்தின் ஏடாக் ரகமும் சேற்றுக்குப் பேர்போனது. எனவே உங்கள் ஊருக்கு இந்த இரண்டில் ஒன்று பொருத்தம்தான். ஆனால் விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டிவரும். இவற்றின் கிளீட் பித்தளை. எஸ்பிடியின் இரும்புக் கிளீட்டைவிடச் சீக்கிரம் தேயும், கல்லில் நடந்தால் இன்னும் சீக்கிரம். எக்பீட்டரில் டென்ஷனை, அதாவது பூட்டின் இறுக்கத்தை, கூட்டிக் குறைக்கும் திருகும் இல்லை. கிளீட்டை இடம், வலம் மாற்றிப் பூட்டினால் விடுபடும் கோணம் 15 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு மாறும், அது ஒன்றுதான் கையில் இருக்கும் வசதி. இந்த மூன்று ரகங்களில் ஒன்றின் கிளீட் இன்னொன்றின் பெடலில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டில் ட்ரெயினருக்கு எஸ்பிடி, வெளியே எக்பீட்டர் என்று வைத்தால் இரண்டு ஷூ வேண்டும். அல்லது மாதம் நாலு முறை கிளீட்டைக் கழற்றி மாட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் முழங்கால் புதுக் கோணத்துக்குப் பழக வேண்டும்.

மாறாமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளீட்டைச் சுற்றியுள்ள ரப்பர் கட்டைகள் சில ஷூக்களில் தேவைக்கு மேல் உயரமாக இருக்கும். மண் தங்குவதே அந்தக் குழியில்தான். கிளீட்டின் இரு பக்கமும் 2 அல்லது 3 மி.மீ கூர்மையான கத்தியால் சீவிவிடுங்கள். எஸ்பிடியில் டென்ஷனை ஒன்றிரண்டு கிளிக் குறையுங்கள். கிளம்பும் முன் கிளீட்டிலும் பெடல் கொக்கியிலும் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் முதல் அரை மணி நேரம் மண் ஒட்டாது. சட்டைப் பையில் ஒரு பழைய ஐஸ் குச்சி வைத்துக்கொள்ளுங்கள், கிளீட்டைச் சுரண்ட அதைவிட நல்ல கருவி கிடையாது. கருவேல முள்ளை ஒடித்துச் சுரண்டுகிறவர்கள் உண்டு. அது எங்கே போய் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கே.கே. நகரிலிருந்து ஒரு வாசகி: ஜிம்மில் ஸ்பின் பைக் வகுப்புக்குப் போகிறேன். எந்த ஷூ வாங்குவது? கடையில் மூன்று போல்ட்டு ஷூவைக் காட்டுகிறார்கள்.

பதில்: முதலில் அந்தப் பெடலைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் ஒரு பக்கம் கம்பிக் கூடும் வாரும், மறுபக்கம் எஸ்பிடி. அப்படியானால் இரண்டு போல்ட்டு ஷூவும் எஸ்எச்56 கிளீட்டும் வாங்குங்கள். இந்தக் கிளீட் குதிகாலை வெளியே திருப்பினாலும் விடும், உள்ளே திருப்பினாலும் விடும், பலமாக மேலே இழுத்தாலும் விடும். கறுப்பு நிற எஸ்எச்51 பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். மூன்று போல்ட்டு என்பது ரோடு சைக்கிளுக்கானது. அதைப் போட்டுக்கொண்டு ஜிம் டைல்ஸில் நடப்பது ஐஸ் மேல் நடப்பது மாதிரி.

வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி: வெளியே 40 கி.மீ ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. ட்ரெயினரில் முக்கால் மணி நேரம் தாண்டினால் வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. எஸ்பிடி மாட்டிய பிறகுதான் இப்படி. பெடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: பெடலைக் குறை சொல்ல வேண்டாம், கிளீட் கோணலாக மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வெளியே அது ஏன் தெரியவில்லை என்றால், ரோட்டில் நீங்கள் சும்மா இருப்பதில்லை. மேடு வந்தால் எழுந்து மிதிக்கிறீர்கள், இறக்கத்தில் மிதிப்பதையே நிறுத்துகிறீர்கள், சைக்கிள் காலுக்கு ஏற்ப இப்படியும் அப்படியும் சாய்ந்து கொடுக்கிறது. ட்ரெயினரில் சைக்கிளின் பின்பக்கம் இறுக்கிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 85 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 5,100 முறை ஒரே கோணத்தில் முழங்கால் மடங்கி நிமிர்கிறது. 2 டிகிரி தப்பு 5,100 முறை நடந்தால் வலிக்கத்தான் செய்யும்.

கிளீட்டை முதலிலிருந்து சரிசெய்வோம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 4 மி.மீ ஆலன் கீ, கொஞ்சம் கிரீஸ், மாஸ்கிங் டேப், பேனா போதும்.

ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரல் பாதத்தில் சேரும் இடத்திலுள்ள எலும்பு மேட்டை ஷூவுக்கு மேலேயே தடவிக் கண்டுபிடியுங்கள். ஷூவின் உள்பக்க விளிம்பில் டேப் ஒட்டி அங்கே ஒரு கோடு. சுண்டுவிரல் எலும்பு மேட்டுக்கு நேரே வெளிப்பக்கம் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் கிளீட்டின் மையம் வர வேண்டும். கிளீட்டின் பக்கவாட்டில் மையத்தைக் காட்டும் சிறு குறி இருக்கும். கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர்கள் இதைவிட இன்னும் சில மி.மீ குதிகால் பக்கம் தள்ளி வைப்பார்கள், கெண்டைக்கால் பாரம் குறையும்.

அடுத்து கோணம். உயரமான மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். எதையும் நேராக்க முயலாமல் பாதம் எங்கே பார்க்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பலருக்குப் பாதம் கொஞ்சம் வெளியே பார்க்கும், அதுவும் இரண்டு காலுக்கும் ஒரே அளவாக இருக்காது. வெளியே பார்க்க விரும்பும் பாதத்தை நேராகப் பூட்டிவிட்டால் முழங்காலின் வெளிப்பக்கம் இழுபடும். உங்கள் வலது காலில் நடப்பது இதுவாகத்தான் தெரிகிறது.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். பாதம் வெளியே பார்க்க வேண்டுமென்றால் கிளீட்டின் மூக்கை வெளியே திருப்பக் கூடாது, உள்ளே, அதாவது பெருவிரல் பக்கம் திருப்ப வேண்டும். பெடலுக்குள் கிளீட் எப்போதும் நேராகத்தான் நிற்கும், திரும்புவது ஷூ. பக்கவாட்டு நகர்த்தலும் இதே மாதிரிதான். கிளீட்டைப் பெருவிரல் பக்கம் தள்ளினால் பாதம் கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) விட்டு விலகும், சுண்டுவிரல் பக்கம் தள்ளினால் கிராங்கை நெருங்கும். வெளிப்பக்க வலிக்குப் பாதம் கொஞ்சம் விலகி நிற்பது நல்லது. ஆகவே கிளீட்டை 2 மி.மீ பெருவிரல் பக்கம் தள்ளி, மூக்கையும் நூலளவு அதே பக்கம் திருப்பிப் பாருங்கள்.

போல்ட்டு மரையில் கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு குறைந்த பாரத்தில் பத்து நிமிடம் மிதித்துப் பாருங்கள். பூட்டிய நிலையில் குதிகாலை ஆட்டினால், விடுபடுவதற்கு முன் இரு பக்கமும் கொஞ்சம் இளக்கம் தெரிய வேண்டும். எஸ்எச்51-இல் அது மொத்தம் 4 டிகிரி. ஒரு பக்கம் உடனே முட்டுகிறது என்றால் கோணம் இன்னும் சரியாகவில்லை. இதற்குப் பிறகு ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதுவும் 1 அல்லது 2 மி.மீ. பழைய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்ட பிறகே நகர்த்துங்கள்.

சீட் உயரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சாதா பெடலும் கேன்வாஸ் ஷூவுமாக இருந்தபோது வைத்த உயரம் இப்போது பொருந்தாது, சோல் கனம் மாறிவிட்டது. குதிகாலைப் பெடல் அச்சில் வைத்துக் கீழே கொண்டுவந்தால் முழங்கால் முழுதாக நிமிர வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம் என்று முதலில் சந்தேகப்படலாம். இரண்டு வாரம் பார்த்தும் வலி குறையவில்லை, அல்லது வீக்கம் தெரிகிறது என்றால் ஆலன் கீயை வைத்துவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

பழங்காநத்தத்திலிருந்து ஒரு வாசகர்: காளவாசல் சிக்னலில் கால் வரவே இல்லை. எவ்வளவு திருப்பினாலும் ஷூதான் திரும்பியது, பூட்டு விடவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டேன். டென்ஷனைக் குறைத்தும் பார்த்துவிட்டேன், மறுபடி அதே கதை.

பதில்: 'ஷூதான் திரும்பியது' என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. இரண்டு கிளீட் போல்ட்டில் ஒன்று விழுந்திருக்கும், மற்றது லூசாகியிருக்கும். ஒற்றை போல்ட்டில் நிற்கும் கிளீட்டுக்கு அந்த போல்ட்டே சுழல் முனை ஆகிவிடுகிறது. நீங்கள் குதிகாலைத் திருப்பினால் ஷூ அதைச் சுற்றித் திரும்பும். கிளீட் பெடலுக்குள் அசையாது, ஸ்பிரிங்கைத் தள்ளாது. டென்ஷனை எவ்வளவு குறைத்தாலும் பலன் இருக்காது.

இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டால் காலை முறுக்க வேண்டாம். மற்றக் காலை ஊன்றி, மாட்டிய ஷூவின் வாரைத் தளர்த்திக் காலை மட்டும் உருவிவிடுங்கள். ஷூ பெடலிலேயே தொங்கட்டும். ஓரமாகப் போய், டென்ஷன் திருகைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் 3 மி.மீ ஆலன் கீயால் தளர்த்தி, பின்பக்க ஸ்பிரிங் தகட்டைத் திருப்புளியால் நெம்பினால் ஷூ வந்துவிடும்.

போல்ட்டு ஏன் லூசாகிறது? புதுக் கிளீட்டின் அடியிலுள்ள பற்கள் சோலில் கடித்து இறங்க ஒரு ஓட்டம் பிடிக்கும். இறங்கியதும் போல்ட்டின் இறுக்கம் தானே குறைகிறது. அதனால் முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் ஷூவைக் கழற்றிய கையோடு இரண்டு போல்ட்டையும் ஒரு தடவை இறுக்க வேண்டும், பிறகு மாதம் ஒருமுறை. உதிரி போல்ட்டு ஒன்றை டூல் பையில் போட்டு வையுங்கள்.

பழக்கமும் ஒரு பங்கு. டென்ஷனைக் கடைசி வரை குறைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முப்பது முறை பூட்டித் திறந்து பாருங்கள். குதிகாலை வெளியே தள்ள வேண்டும், மேலே இழுக்கக் கூடாது. பதற்றத்தில் கை கால் செய்வது இழுப்பதைத்தான். சிக்னலுக்கு ஐம்பதடி முன்பே இடது காலை விடுவித்துவிடுங்கள். நம் ஊரில் ஓரம் இடது பக்கம் என்பதால் சாய்ந்தாலும் பஸ் பக்கம் சாய மாட்டீர்கள்.

செல்லூரிலிருந்து ஒரு வாசகர்: பழைய பெடலைக் கழற்ற மெக்கானிக்கிடம் கொடுத்தேன். வலது வந்துவிட்டது, இடது அசையவில்லை. சுத்தியல் எடுத்தார், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள். இடது பெடலுக்கு இடது மரை. வலதைக் கழற்றிய அதே திசையில் இதையும் திருப்பினால் இன்னும் இறுகும். இரண்டு பெடலுக்கும் பொதுவாக ஒரே சூத்திரம்: ஸ்பேனரைப் பிடியுங்கள், மேல் நுனியைச் சைக்கிளின் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுங்கள், கழலும். முன்சக்கரம் நோக்கித் தள்ளினால் இறுகும்.

உப்பும் துருவும் பிடித்திருந்தால் கிராங்கின் உள்பக்கமாக மரை தெரியும் இடத்தில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். பெடலுக்குத் தகுந்தபடி 15 மி.மீ பெடல் ஸ்பேனர், அல்லது உள்பக்கமிருந்து 6 அல்லது 8 மி.மீ ஆலன் கீ. சாதா 15 ஸ்பேனர் கனம் அதிகம், சந்தில் நுழையாது. செயினைப் பெரிய பற்சக்கரத்தில் போட்டுவிட்டுத்தான் பலம் கொடுக்க வேண்டும், வழுக்கினால் கை முட்டி போய்ப் பல்லில் மோதும்.

புதுப் பெடல் மாட்டும்போது மரை முழுக்க கிரீஸ். முதல் நாலு சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் கோணலாகப் பிடித்திருக்கிறது, நிறுத்திவிடுங்கள். இரும்பு அச்சு அலுமினியக் கிராங்கின் மரையைச் சீவிக்கொண்டே போய்விடும். பிறகு 35 முதல் 55 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையென்றால், 20 செ.மீ நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ பாரம் வைத்தது போல அழுத்தினால் சுமார் 40 வரும். பெரியவர்கள் சைக்கிளில் மரை அளவு 9/16 அங்குலம், ஸ்பின் பைக்கிலும் பெரும்பாலும் அதுவே. குழந்தைகள் சைக்கிளில் ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் இருந்தால் அரை அங்குலம், அதில் இந்தப் பெடல் ஏறாது.

திருநகரிலிருந்து ஒரு வாசகர்: ட்ரெயினரில் மட்டுமே ஓட்டுகிறேன். மழை இல்லை, சேறு இல்லை. இருந்தும் ஒரு வருடத்தில் பெடல் 'கிறீச்' என்று கத்துகிறது, போல்ட்டெல்லாம் துரு.

பதில்: மழையைவிட மோசமானது உங்கள் வியர்வை. மழைநீர் காய்ந்தால் போய்விடும், வியர்வை காய்ந்தால் உப்பு நிற்கும். சித்திரை மாதத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் கணுக்கால் வழியாக இறங்கி ஷூவுக்குள் போய், கிளீட் போல்ட்டின் தலையில் போய்த்தான் நிற்கிறது. மின்விசிறியை முகத்துக்கு நேராக வைப்பது சௌகரியத்துக்கு மட்டுமல்ல, சைக்கிளைக் காப்பாற்றவும்தான். மிதித்து முடித்ததும் ஈரத்துணியால் பெடலையும் கிராங்கையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. ஷூவைக் கவிழ்த்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெடலைக் கழற்றி மரையைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

சத்தம் எங்கிருந்து என்று பிரித்துப் பாருங்கள். சாதா ஷூவோடு மிதித்துச் சத்தம் நின்றால் குற்றவாளி கிளீட்: கொக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், போல்ட்டை இறுக்குங்கள். நிற்கவில்லையென்றால் பெடலைக் கழற்றி அச்சை விரலால் சுழற்றுங்கள். அரைக்கிற மாதிரி இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது.

உங்களுடையது எம்520 என்றால் இதைச் சரிசெய்ய டிஎல்-பிடி40 என்ற பிளாஸ்டிக் கருவி வேண்டும், விலை அற்பம். அதை அச்சின் பற்களில் பொருத்தி ஸ்பேனரால் திருப்பினால் அச்சு முழுதாக உருவி வந்துவிடும். வலது பெடலில் இங்கேயும் மரை தலைகீழ். மூடியிலேயே இறுக்கும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அச்சை நிமிர்த்திப் பிடித்து, பேரிங் குண்டுகளை வெளியே எடுக்காமல், மேலே தெரியும் பழைய கிரீஸை மட்டும் வழியுங்கள். பெடல் கூட்டுக்குள் கால்வாசிக்குப் புது கிரீஸ் வைத்து அச்சை மெதுவாகத் திருகி ஏற்றினால், புதுசு பழசைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாகக் கறுப்பாகப் பிதுங்கும். பிதுங்குவது நின்றதும் துடைத்துவிடுங்கள். அச்சில் ஆட்டம் இருந்தால் நுனியிலுள்ள 7 மி.மீ நட்டையும், குண்டுகளைத் தாங்கும் 10 மி.மீ கோனையும் சரிசெய்ய வேண்டும். ஆட்டம் போகவும் வேண்டும், சுழற்சி இறுகவும் கூடாது. பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

சொக்கிகுளத்திலிருந்து ஒரு வாசகர்: பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) உள்ள பெடல் வாங்கினால் இரண்டு வேலையும் ஆகுமே?

பதில்: ஸ்மார்ட் ட்ரெயினர் இருந்தால் அதுவே பவரைக் காட்டிவிடும். வெளியே ஓட்டும்போதும் எண் வேண்டும் என்பவர்களுக்குக் கார்மின் ரேலி எக்ஸ்சி, ஃபவேரோ அசியோமா ப்ரோ எம்எக்ஸ் இரண்டும் எஸ்பிடி வகைக் கிளீட்டிலேயே வருகின்றன. ஆனால் பாறையில் இடிபடும் இடத்தில் இவ்வளவு விலையுள்ள பொருளை மாட்ட வேண்டுமா என்று யோசியுங்கள்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: கிளீட் ஷூவோடு சமணர் மலை ஏறலாமா? கிளீட்டை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: வேண்டாம். வழுவழுத்த பாறையில் இரும்புக் கிளீட் பிடிக்காது, சறுக்கும். தவிர அங்கே இருப்பது நூற்றாண்டுகள் பழைய சமணச் சிற்பங்கள், பாறையை இரும்பால் கீறிவைக்க நமக்கு உரிமை இல்லை. கீழக்குயில்குடியில் சைக்கிளை நிறுத்தி வெறுங்காலோடு ஏறுங்கள்.

புதுக் கிளீட்டை வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். முன்மூக்கின் விளிம்பு உருண்டுவிட்டாலோ, எழுந்து மிதிக்கும்போது தானாக விடுபட்டாலோ, பூட்டியும் கால் மேலும் கீழும் ஆடினாலோ மாற்றுங்கள். ஒன்று தேய்ந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு வாசகர்: பழைய எக்பீட்டர் 3 ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். என்ன பார்த்து வாங்குவது?

பதில்: கையில் வாங்கியதும் அச்சைப் பிடித்துக்கொண்டு பெடல் உடம்பை மேலும் கீழும் ஆட்டுங்கள். உள்ளே கிராங்க் பக்கம் ஒரு புஷ், வெளி நுனியில் ஒரு பேரிங். ஆட்டம் தெரிந்தால் இரண்டும் சேர்த்து விற்கும் ரிப்பேர் கிட் வாங்க வேண்டிவரும். அந்த விலையைப் பேரத்தில் கழியுங்கள். அடுத்து, அச்சைக் கிராங்கில் திருகிவிட்டு மெதுவாகச் சுழற்றி வெளி நுனியைப் பாருங்கள். நுனி வட்டமடித்தால் அச்சு வளைந்திருக்கிறது. யானைமலை அடிவாரப் பாறைகளில் ஓட்டிய பெடல் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். வளைந்ததை நிமிர்த்த முடியாது, வாங்காதீர்கள்.

பிறகு கம்பிச் சிறகுகள். ஷூ கிளீட் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படக் கூடாது. லேசான கீறல் பரவாயில்லை. நாலு சிறகையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், ஒரே விறைப்பு இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. பழைய கிளீட்டையும் சேர்த்துத் தருகிறேன் என்பார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மாட்ட வேண்டாம். அந்தப் பித்தளை அவர் கால் திரும்பும் வாகுக்குத் தேய்ந்திருக்கும். புதுசு ஒரு ஜோடி வாங்குங்கள், கார்பன் சோல் ஷூ என்றால் கிளீட்டுக்கு அடியில் வைக்கும் இரும்புத் தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் சிறகுகள் சோலை அறுக்கும்.